பதினைந்து நொடிக்கு ஒரு முறை

மார்ச் 19

அண்ணாவுக்கு,

ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல.

இந்த மாதம் நான்காம் தேதியிலிருந்து மூன்று நாள், காலை எட்டிலிருந்து ஒன்பது வரை, எங்கள் டயர் கடைக்கு எதிர்ப்பக்கம் மருந்துக் கடை ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலி போடப்பட்டிருந்தது. காதுவரை இறக்கிய தொப்பியோடு ஒருவர் அதில் உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டை, அட்டையில் நூல் கட்டிய பென்சில். பென்சிலுக்கு நூல் கட்டி வைக்கும் மனிதரை நான் வாழ்க்கையில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் கண்டுபிடித்தது உங்கள் மாப்பிள்ளை. "ஏய், அது உங்க அண்ணன் மாதிரி இல்ல?" என்றார். "எங்க அண்ணனாவது, நம்ம தெருவுக்கு வர்றதாவது" என்றேன். மூன்றாம் நாள், "பாவம், வெயில்ல உக்காந்திருக்காரு. ஒரு டீயாவது குடுத்துட்டு வரட்டுமா?" என்று எழுந்தார். நான் விடவில்லை. மூன்று நாளில் ஒரு தடவைகூட நீங்கள் எங்கள் கடைப் பக்கம் தலை திருப்பவில்லை. தெரியாதவர்கூட ஒரு தடவையாவது பார்ப்பார். தெரிந்தவர்தான் பார்க்காமல் இருக்க முடியும்.

நேற்று சிக்னல் கம்பத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் தெருவுக்குள் இடப்பக்கம் திரும்புவதற்கு ஏப்ரல் பதினைந்து முதல் தடையாம். காரணம், "திரும்பும் வண்டிகளின் சராசரித் தாமதம் 63 நொடி, அனுமதிக்கப்பட்ட உச்சம் 60 நொடி."

எங்கள் கடைக்கு வரும் மூன்று வண்டியில் இரண்டு அந்தத் திருப்பத்தில்தான் வருகின்றன. அதை மூடினால் பாலம்வரை போய்ச் சுற்றி வர நான்கு கிலோமீட்டர். பாலத்தடியிலேயே ஒரு டயர் கடை இருக்கிறது. அதைத் தாண்டி எங்களிடம் யார் வருவார்? வேலை கற்று இத்தனை வருடம் நின்று பிடித்த கடை இது. மூன்று நொடியில் மூடிவிட்டீர்கள்.

நேராகவே கேட்கிறேன். உங்கள் மாப்பிள்ளையைப் பற்றி நீங்கள் எழுதிய அந்தப் பட்டியலை ஒன்பது வருடம் முன்பு நான் கண்டுபிடித்துச் சண்டை போட்டதற்குத்தானே இது?

தங்கை

மார்ச் 23

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். போனில் எனக்கு வார்த்தை வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

தொப்பி என்னுடையதுதான். பென்சிலும்.

ஓய்வு பெற்ற பிறகும் ஆள் பற்றாக்குறை வந்தால் போக்குவரத்து அலுவலகத்தில் என்னைக் கூப்பிடுவார்கள். எந்தச் சந்திப்பு என்பது முந்தின நாள் மாலையில்தான் தெரியும். உன் கடைச் சந்திப்பு என்று தெரிந்ததும், "அங்கே என் தங்கையின் கடை இருக்கிறது, வேறு ஆளை அனுப்புங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். தங்கையோடு பேசுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்குமே என்று நினைத்து விட்டுவிட்டேன். அது என் கோழைத்தனம். பழி அல்ல.

எண்ணிய முறையைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்தவையும் இதில் இருக்கும். ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஆகவே இடப்பக்கம் திரும்புகிறவர் எதிரே வரும் வரிசையைக் குறுக்கே கடக்க வேண்டும். அதற்காகத்தான் பச்சை அம்பு. அது எரிவது பன்னிரண்டு நொடி. மற்ற நேரமெல்லாம் நிற்க வேண்டும். ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு நேரம் நின்றது என்று தனித்தனியே அளக்க ஒரு மனிதனால் ஆகாது. அதனால் பதினைந்து நொடிக்கு ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, அந்தக் கணத்தில் வரிசையில் நிற்கும் வண்டிகளை மட்டும் எண்ணி எழுதுகிறோம். என் கைக்கடிகாரம் பதினைந்து நொடிக்கு ஒரு முறை அதிரும். இரண்டாம் நாள் கணக்கு இது: நின்றவை கூட்டினால் 756. அதைப் பதினைந்தால் பெருக்கி, அந்த ஒரு மணியில் திரும்பியதாகச் சாலையில் பதித்த கருவி காட்டிய 180 வண்டிகளால் வகுத்தால் 63. மற்ற இரு நாளும் ஏறக்குறைய அதுவே. இதில் கோபத்துக்கு இடம் எங்கே?

நீ கேட்டுவிட்டாய், நானும் ஒன்று கேட்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ளாதே. இரண்டாம் நாள், கதவு நசுங்கிய சாம்பல் நிற வேன் ஒன்று அந்த ஒரு மணியில் ஏழு முறை இடப்பக்கம் திரும்பும் வரிசையில் வந்து நின்றது. ஏழாவது முறை ஓட்டுநரின் கை கண்ணில் பட்டது. முழங்கைவரை கிரீஸ். எண்ணுகிறார்கள் என்று தெரிந்து, திருப்பத்துக்கு ஆள் அதிகம் என்று காட்ட யாராவது ஒரே வண்டியைச் சுற்றவிட்டார்களோ என்று அப்போதே தோன்றியது. அது யார் வண்டி?

அண்ணன்

மார்ச் 27

அண்ணாவுக்கு,

சாம்பல் நிற வேன் ஒரு பேக்கரிக்காரருடையது. ஓட்டியது உங்கள் மாப்பிள்ளை. சக்கரம் ஒரு பக்கம் இழுக்கிறது என்று அலைன்மென்ட் பார்க்க வந்த வண்டி. நேராக்கினால் ஓட்டிப் பார்க்க வேண்டாமா? தெருவைச் சுற்றி வந்தால் கடைசித் திருப்பம் அதுதான். ஏழு தடவை இழுத்தது, ஏழு தடவை சுற்றினார். உங்கள் கேள்வியை அவரிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, "கிரீஸக்கூட விடல பாரு, உங்க அண்ணன் கண்ணு கண்ணுதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். உங்கள் நெஞ்சு அடுத்தவர் வேனைப் பார்த்துக் குறுகுறுக்கிறது.

உங்கள் விளக்கத்துக்கு நன்றி. அது இல்லாவிட்டால் நான் பிடித்திருக்க மாட்டேன்.

மூன்று நாளும் கல்லாவிலிருந்து உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று அப்போதே உறுத்தியது, என்னவென்று புரியவில்லை. நீங்கள் நிமிர்வீர்கள், எண்ணுவீர்கள், எழுதக் குனிவீர்கள். நீங்கள் குனிந்த மறுநொடி அம்பு எரியும். வரிசை முழுக்கப் போய்விடும். அம்பு அணையும். அப்புறம்தான் நிமிர்வீர்கள். ஒரு சுற்றில் அல்ல, எல்லாச் சுற்றிலும். அறுபது நிமிடமும் நீங்கள் ஒரு வண்டி திரும்பியதைக் கண்ணால் பார்க்கவில்லை. வரிசை எப்போது நீளமோ அப்போது சரியாகத் தலை நிமிர்கிறது. அது போகும்போது சரியாகத் தலை குனிகிறது.

உங்கள் கடிதம் வந்ததும், பஞ்சர் ஒட்டு வேகவைக்கும்போது வைக்கும் டைமரை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். சிக்னல் ஒரு சுற்று வர எவ்வளவு நேரம் என்று பத்து தடவை பார்த்தேன். பத்து தடவையும் தொண்ணூறு நொடி. ஆறு பதினைந்து தொண்ணூறு. நீங்கள் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடுதான்.

ஆகவே முதல் தடவை எந்த இடத்தில் நிமிர்கிறீர்களோ, ஆறு தடவை கழித்து மறுபடி அதே இடம். வரிசை முட்டி நிற்கும் நொடியில் தொடங்கிவிட்டால் போதும், மணி முழுக்க அந்த நொடியைத் தப்பவிடாமல் எண்ணலாம். இதைத் தெரியாமல் ஒருவர் செய்யலாம். முப்பத்தைந்து வருடம் இதையே செய்தவர், இதற்கென்று கைப்புத்தகம் எழுதியவர், தெரியாமல் செய்தார் என்றால் நான் நம்ப வேண்டுமா?

மோசம் செய்கிறவர்கள் இரண்டு விதம். ஒருவர் எண்ணை மாற்றி எழுதுவார். இன்னொருவர் எண்ணை மாற்றாமல் பார்க்கும் நேரத்தை மாற்றுவார். நீங்கள் படித்தவர், இரண்டாம் விதம்.

தங்கை

மார்ச் 31

தங்கைக்கு,

தொண்ணூறா? நன்றாகப் பார்த்தாயா?

நீ பார்த்தது சரியாகத்தான் இருக்கும். நேற்று தொப்பி இல்லாமல் போய், பேருந்து நிறுத்தத்தில் நின்று நானும் அளந்தேன். தொண்ணூறுதான். என் தாளில் மேல் மூலையில் "சுற்று: 100 நொடி" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. போன வருடம் சிக்னலுக்குப் புதுப் பெட்டி வைத்தபோது சுற்றைக் குறைத்திருக்கிறார்கள். நான் பழைய பதிவேட்டைப் பார்த்து எழுதியிருக்கிறேன். சுற்று நூறாக இருந்தால் பதினைந்து நொடி சரியான இடைவெளி. ஒவ்வொரு சுற்றிலும் பார்வை வேறு வேறு இடத்தில் விழும். தொண்ணூறுக்கு அது கூடவே கூடாத இடைவெளி. மூன்று நாளும் சரியாக எட்டு மணிக்குத் தொடங்கியதால், மூன்று நாளும் பார்வை ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது.

அலுவலகத்தில் யாரோ வேண்டுமென்றே பழைய பதிவேட்டை என் கையில் கொடுத்தார்களோ என்று அரை நாள் சந்தேகப்பட்டேன். பிறகு நினைவு வந்தது. அதைக் கேட்டு வாங்கியது நான்தான்.

கைப்புத்தகம் என்று எழுதியிருந்தாய். அதில் பதினான்காம் பக்கம்: "எண்ணும் இடைவெளி சிக்னலின் சுற்றை மீதியில்லாமல் வகுக்கக் கூடாது. எண்ணுபவர் அன்றன்று சுற்றைத் தம் கடிகாரத்தால் அளந்த பிறகே தொடங்க வேண்டும்." என் வாக்கியம். எத்தனையோ பேரை இந்த ஒரு விதிக்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நான் ஏன் அளக்கவில்லை என்று நீ கேட்பாய். சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியும் சிக்னல் முகம் ஒன்றே ஒன்று. அது உன் கடைப் பலகைக்கு நேர் மேலே தொங்குகிறது. சிக்னலைப் பார்த்தால் பலகை தெரியும். பலகைக்குக் கீழே நீ இருப்பாய். அதனால் நிற்கும் வண்டிகள் மட்டும் தெரியும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். மூன்று நாளும் சிக்னலை ஒரு முறைகூடப் பார்க்காமல் சிக்னல் வேலை பார்த்திருக்கிறேன்.

இதைவிட வரிசை குறைந்த நொடியில் தொடங்கியிருந்தால் எண் குறைவாக வந்திருக்கும், உன் கடை தப்பியிருக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அந்த நினைப்பும் சுகமாக இல்லை.

இனி என்ன செய்வது என்பதுதான் பயமாக இருக்கிறது. அலுவலகத்தில் சொல்ல வேண்டும். சொன்னால் உன் கடையையும் சொல்ல வேண்டும். முன்பே சொல்லாதவன், தடை அறிவிப்பு வந்த பிறகு ஓடிவந்து எண் தப்பு என்கிறான், தப்பைத் திருத்தினால் லாபம் தங்கைக்கு. நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நம்ப மாட்டேன். எனக்கு இரண்டு நாள் கொடு. என்ன சொல்வது என்று எழுதிப் பார்க்கிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணாவுக்கு,

இரண்டு நாள் ஆறு நாளாகிவிட்டது. பதினைந்தாம் தேதிக்கு இன்னும் ஒன்பதுதான். இன்று காலை இரண்டு பேர் வந்து, தடைப் பலகை நடும் இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டேன் என்கிறீர்கள். நம்பலாம் போல இருக்கிறது, உங்களுக்கு அது பொருந்துகிறது. ஆனால் ஒன்பது நாள் பயந்துகொண்டே இருந்தால் கடை மூடிவிடும். அப்போது வேண்டுமென்றே செய்ததற்கும் பயந்து செய்ததற்கும் எங்களுக்கு என்ன வித்தியாசம்?

உங்கள் பட்டியலை இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். நீங்கள் கொடுத்த அகராதிக்குள் இருந்த அதே தாள். நடுவில் கோடு. மேலே "தங்கை பார்த்திருப்பவர்." இடப்பக்கம் நன்மை: குரல் உயர்த்துவதில்லை, கைத்தொழில் உண்டு. வலப்பக்கம் தீமை: சாப்பிடும்போது சத்தம், செருப்பைத் தாறுமாறாக விடுகிறார், சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. அதற்கு எதிரே, "ஐந்து வருகை, சராசரித் தாமதம் 17 நிமிடம்."

தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தாலும் சராசரிதான். நாற்பத்தொன்பது வயதில் ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று வந்து சொன்னேன். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது யார் தாமதம் என்று எழுதட்டும்?

தங்கை

ஏப்ரல் 12

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்த ஏழாம் தேதியே போனேன்.

அலுவலகத் தலைவர் ஒரு காலத்தில் என் கீழே பயிற்சிக்கு வந்தவர். இன்றும் எல்லாரும் அவரைச் சின்னவர் என்றுதான் சொல்கிறார்கள். "வாங்க சார்" என்று எழுந்து நின்றார். நான் எழுதிக்கொண்டு போன தாளைப் படித்து முடித்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி கடையா சார்? எத்தன வருஷமா?"

"பன்னெண்டு."

"மொதல்லயே ஏன் சொல்லல?"

"பேச்சுவார்த்தை இல்ல."

"பேச்சுவார்த்தை இல்லன்னா, சுத்து தொண்ணூறுன்னு எப்படி உங்களுக்குத் தெரிஞ்சுது?"

"கடிதம் எழுதினா."

"பேச்சுவார்த்தை இல்ல, கடிதம் உண்டு" என்று சொல்லிக்கொண்டே அதைக் குறித்துக்கொண்டார். நான் கற்றுக்கொடுத்த பழக்கம்தான், எதையும் உடனே எழுதிவிடு என்பது. பிறகு கைப்புத்தகத்தை எடுத்துப் பதினான்காம் பக்கத்தைப் புரட்டி மேசையில் வைத்தார். "இத எழுதினவர் நீங்க. நீங்களே இத மீறினேன்னு சொல்றீங்க. இது தப்பா சார், இல்ல வேணும்னே ஒரு தப்ப வச்சுட்டு, இப்ப நீங்களே வெளிய எடுக்கறதா? அறுபத்துமூணு கணக்கு தப்பா, இல்ல அது தப்புன்னு சொல்றது தப்பா?"

பையில் உன் கடிதம் இருந்தது, மார்ச் இருபத்தேழாம் தேதியது. உன்னைக் கேட்காமல் அதை எடுத்துக் கொடுத்துவிட்டேன். மன்னித்துவிடு. சின்னவர் முழுக்கப் படித்தார். மோசம் செய்கிறவர்கள் இரண்டு விதம் என்ற இடத்தை இரண்டு தரம் படித்தார் என்று நினைக்கிறேன்.

"சார்," என்றார், "அண்ணனும் தங்கச்சியும் சேந்து பேசி வச்சிருந்தா இப்படித் திட்டி எழுத மாட்டாங்க."

நீ என்னை மோசக்காரன் என்று எழுதியதுதான் நான் மோசக்காரன் அல்ல என்பதற்கு ஒரே சான்று. அது இப்போது எண் போட்டுக் கோப்பில் இருக்கிறது. திருப்பித் தர மாட்டார்களாம்.

மறு எண்ணிக்கைக்கு நமக்குத் தெரியாத இருவரை அனுப்பினார்கள். கடிகாரத்தால் சுற்றை அளந்து, பதின்மூன்று நொடி இடைவெளி வைத்தார்கள். தொண்ணூறு பதின்மூன்றால் வகுபடாது. மாலையில் சின்னவர் போன் செய்தார், குரல் சரியில்லை. "சார், அவங்ககிட்ட பேசினீங்களா?" இல்லை என்றேன். "நின்ன வண்டி மொத்தம் எவ்வளவு தெரியுமா? எழுநூத்தி அம்பத்தாறு. உங்க தாள்ல இருக்கற அதே நம்பர்." எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது, தூக்கத்தில் எழுந்துபோய் யாரிடமாவது சொன்னேனோ என்று. பிறகு இருவரும் போனிலேயே வகுத்துப் பார்த்தோம். இந்த முறை 756ஐப் பதின்மூன்றால் பெருக்க வேண்டும், திரும்பியவை 182. விடை 54. எண் ஒன்றாக வந்தது தற்செயல். ஆனால் தற்செயலை நம்பும்படி நான் அவரைப் பழக்கவில்லை. மறுநாள் அவரே மடக்கு நாற்காலியோடு போய் ஒரு மணி உட்கார்ந்தார். 55 வந்தது.

அறுபதுக்குக் கீழ். தடை நீக்கம். அறிவிப்பை நாளை கிழித்துவிடுவார்கள்.

எண்ணுபவர் பட்டியலில் இருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். சொல்லும்போது சின்னவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அது நியாயம். பதினான்காம் பக்கத்துக்கு அடியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: "எண்ணுபவர் எந்தத் திசையைப் பார்க்கத் தயங்குகிறாரோ அந்தச் சந்திப்பை அவர் எண்ணக் கூடாது." இதை எப்படி சார் விதியாகப் போடுவது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றிய அந்தத் தாளைத் திருப்பித் தருவாயா? ஐந்து வருகையில் சராசரி போட்டது முறையல்ல. காரணத்தைக் கேட்காமல் தாமதத்தை மட்டும் எழுதியது அதைவிட முறையல்ல. திருத்த வேண்டும்.

அண்ணன்

ஏப்ரல் 14

அண்ணாவுக்கு,

அறிவிப்பைக் கிழித்துவிட்டார்கள். சுண்ணாம்பு வட்டம் மட்டும் இருக்கிறது. சில நாள் முன்பு இங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்தான் சின்னவர் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அவர் நிமிடத்துக்கு ஒரு தடவை எங்கள் கடையைப் பார்த்தார். கடைசியில் உங்கள் மாப்பிள்ளை டீ கொண்டுபோய்க் கொடுத்தார். "வேண்டாம், அப்புறம் அதையும் எழுத வேண்டி வரும்" என்று சொல்லிவிட்டாராம்.

என் கடிதத்தைக் கேட்காமல் கொடுத்ததற்குக் கோபம்தான். ஆனால் என் கோபம் ஓர் ஆபீஸில் எண் போட்டு இருப்பது ஒருவிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.

காரணம் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தை மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டிவிட்டு, அன்று ஏன் தாமதம் என்று நான் கேட்டேன். எனக்கும் இத்தனை வருடம் கேட்கத் தோன்றவில்லை. ஒரு டயரைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நான் அப்ப பாலத்துக்கு அந்தாண்ட இருந்தேன்ல. உங்க வீட்டுக்கு வரணும்னா இதே எடத்துலதான் லெஃப்ட்ல திரும்பணும். அப்ப அம்பு கெடையாது. எதிர்ல வர்ற கூட்டம் ஓயறவரைக்கும் நிக்கணும். அஞ்சு நாளும் இங்கதான் நின்னேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எப்படிச் சொல்றது? இந்த சந்திப்புக்கு அம்பு வேணாம்னு கணக்குப் போட்டதே உங்க அண்ணன் ஆபீஸ்தானே. பொண்ணு கேக்கப் போற எடத்துல, மச்சான் வேலைய கொற சொல்ற மாதிரி ஆயிடும்ல."

பட்டியலைத் திருப்பித் தர மாட்டேன். தாமத வரியை மட்டும் அவர் கையால் அடித்துவிட்டார், கிரீஸ் ரேகை விழுந்திருக்கிறது. சாப்பிடும்போது சத்தம் என்பதை நான் அடிக்க விடவில்லை. அதில் நீங்கள் எண்ணியது சரி.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். உங்கள் பேருந்தும் அந்தத் திருப்பத்தில்தான் வர வேண்டும், எப்போது வருவீர்கள் என்று கேட்க மாட்டோம். வாசலில் நாற்காலி போட்டு வைக்கிறேன், கடையைப் பார்க்கிற மாதிரி.

தங்கை